என் மூக்குத்தி எங்க?

போன மாதம் எங்கள் போட்டோ குழுவின் கூட்டத்தில் நான் எடுத்த படத்தைப் பார்த்து எட்டு பேரும் தலையாட்டினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, "அக்கா, இதைக் கட்டாயம் போட்டிக்கு அனுப்புங்க" என்றார். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, படத்தில் இருக்கும் அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. என் மூக்குத்தி எங்க?" என்றார்.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு ஊட்டி பக்கத்தில் கேத்தி பாலாடாவில் தையல் கடை. பிளவுஸ், சுடிதார், பள்ளி திறக்கிற சமயத்தில் யூனிஃபார்ம். வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு. மூன்று வருடத்துக்கு முன் நாத்தனார் மகன் புது கேமரா வாங்கியபோது தன்னுடைய பழைய கேனன் 1500டி-யை எனக்குப் பாதி விலைக்குத் தந்தான். பாதி விலை என்பது அவன் கணக்கு. தைத்த பிளவுஸைப் படமெடுத்து வாட்ஸாப்பில் போட்டால் நாலு பேர் வருவார்கள் என்றுதான் வாங்கினேன். அப்படி யாரும் வரவில்லை. ஆனால் கடை வாசலில் நின்று பள்ளத்தாக்கில் மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறி வருவதை எடுக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு, சுடிதார் தைக்கக் கொடுக்க வந்த டீச்சர்தான் என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்.

ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோவின் மாடி. கீழே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மேலே நாங்கள். மாதம் இரண்டாவது ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு. மொத்தம் ஒன்பது பேர், மழை என்றால் நாலு பேர். ஆளுக்கு 50 ரூபாய். அதில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வரும். வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு லென்ஸ் கழற்றுகிறவர்களை டீச்சர் வகுப்பை விட்டு வெளியேற்றுவது போல வெளியேற்றிவிடுவார். அந்தத் தூள் உள்ளே போனால் எடுப்பது லேசில்லை.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். படத்தைத் திரையில் போட்டதும் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் என்ன தெரிகிறது என்று சொல்வார்கள். எல்லோரும் முடித்த பிறகுதான் எடுத்தவருக்கு முறை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் மாதம் நான் என் மஞ்சுப் படத்தைப் போட்டேன். "சாம்பல் மாதிரி இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். "மழைக்கால மத்தியானமா?" என்றாள் கல்லூரிப் பெண். காலை ஏழு மணி, வெயில் பட்டு மஞ்சு பஞ்சுபோல வெள்ளையாக இருந்த நேரம் அது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்த அளவில்தான் தைத்தேன் என்று தெரிந்தும் வாடிக்கையாளர் திட்டும்போது சும்மா நிற்பேனே, அந்த மாதிரி.

ஏன் சாம்பலானது என்று ஃபேக்டரி அண்ணன்தான் விளக்கினார். கேமராவுக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். பனிமூட்டத்தைக் காட்டினால் இருட்டாக்கும், கறுப்பு எருமையைக் காட்டினால் வெளுக்க வைக்கும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வருகிற எல்லோரும் 36 சைஸ்தான் என்று நினைத்துத் தைக்கிற டெய்லர்! நாம்தான் பக்கத்தில் நின்று, "இவங்களுக்கு ஒரு இன்ச் விடுப்பா" என்று சொல்ல வேண்டும். என் கேமராவில் ஏவி என்று போட்ட பட்டனை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் வெளிச்சத்தைக் கூட்டும் பிளஸ், குறைக்கும் மைனஸ் ஓடும். மஞ்சுக்கு பிளஸ் ஒன்று. மறுவாரம் அப்படி எடுத்தபோது பஞ்சு பஞ்சாகவே வந்தது.

ஃபேக்டரி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர். இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டது, உற்பத்தி ஆரம்பித்தது 1967-இல். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டோ பேப்பரும் இந்த மலையிலிருந்துதான் போயின. எனக்கு அந்தப் பெயர் பஸ் ஸ்டாப்பாகத்தான் தெரியும். ஃபிலிமில் பூசுவது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின், அதில் துளி வெளிச்சம் பட்டாலும் போச்சு, அதனால் கும்மிருட்டில்தான் வேலை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. எதிரே வருகிறவர் மேல் மோதாமல் இருக்க, இருட்டுக்குள் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பாராம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. மாடிப்படி திரும்பும்போதும், டீக்கடை மூலையிலும், "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்.

இதனால் ஒருமுறை பெரிய சண்டை. தொட்டபெட்டா பக்கம் சோலை ஓரத்தில் டீச்சர் முக்கால் மணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நீலகிரி சிரிப்பானுக்காகக் குந்தியிருந்தார். உலகத்திலேயே இந்த மலைப்பக்கம் மட்டும் இருக்கிற குருவி. புதருக்குள் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசியில் அது வெளியே வந்து கிளையில் உட்கார்ந்த நொடி, பின்னாலிருந்து, "வரேன், வரேன்". டீச்சர் அன்று சாயங்காலம்வரை அவரிடம் பேசவில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சிரிப்பான் சிரித்தது அவரைப் பார்த்துத்தான்.

அவர் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. மாதத்துக்கு 36 படம், அவ்வளவுதான். அந்தக் காலத்து ரோல் ஒன்றுக்கு 36. கேமராவின் பின்பக்கத் திரையில் கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும், எடுத்ததை உடனே பார்க்கக் கூடாது. அழிக்கவும் கூடாது. வங்கித் தம்பி முதல் நாளிலேயே 36-ஐயும் முடித்துவிட்டு மீதி 29 நாள் சும்மா இருந்தார். நான் எண்ணி எண்ணி எடுத்தேன். துணி கொஞ்சமாக இருந்தால் கத்திரியை வைப்பதற்கு முன் சாக்பீஸால் நாலு முறை கோடு போடுவோமே, அப்படி. எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாம் என்று தம்பி சொல்வார். துணியை வெட்டினால் திரும்ப ஒட்டாது, படத்தை வெட்டினால் பழையது அப்படியே இருக்கும். அதனால்தான் ஆளாளுக்குக் கண்டபடி வெட்டுகிறார்கள் என்பது என் கட்சி.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, தலைகுந்தாவுக்கு உறைபனி எடுக்கப் போனோம். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்பது எங்கள் ஊர்க் கணக்கு. உறைபனி என்றால் எனக்குத் தேயிலை கருகும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பார்க்கிற சமாச்சாரத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பார்ப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போய் இறங்கினால், தாழ்வான புல்வெளி முழுக்க வெள்ளை, நாலு ஆள் உயரம் மேலே சரிவில் புல் பச்சையாகவே இருக்கிறது. குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால்தான் என்றார் மருந்துக்கடைக்காரர். இரண்டாவது பேட்டரியைச் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார், குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடுமாம்.

மண்டி போட்டுக் குனிந்து ஒரு புல்லைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதைச் செய்ததில்லை. ஓரம் முழுக்க ஊசி ஊசியாகப் பனி நிற்கிறது. நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் நெருக்கமாக, ஓவர்லாக் அடித்த விளிம்பு போல. மூச்சு பட்டால் கரைகிறது என்பதால் துப்பட்டாவால் வாயைக் கட்டிக்கொண்டேன். வெயில் வந்ததும் நுனியிலிருந்து ஒவ்வொரு ஊசியாக உருண்டு துளியானது. பத்துப் படம் போயிற்று. அதில் ஏழு மங்கல், கை நடுக்கம். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே ஜிப் மூடி ஒரு மணி நேரம் வைத்தேன். குளிரில் இருந்ததை அடுப்பெரியும் அறையில் திறந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், அந்த ஈரம்தான் பூஞ்சைக்கு வித்து. நம் மலையில் கேமராவுக்கு வருகிற முதல் நோய் அதுதான். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் மெல்லச் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். நான் தோசைக்கல்லில் செய்யப்போய் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொரு மாதம் டீச்சர், பென் என்ற வெள்ளைக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது எடுத்த படங்களைக் காட்டினார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டுமாம். 36 படத்துக்கு முணுமுணுத்த வங்கித் தம்பி அன்று வாயே திறக்கவில்லை. எனக்கு மனதில் நின்றது வேறு. இன்று யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் வாட்டில் என்கிற சீகை மரமும் அடைத்து நிற்கிற மலைகள் அதில் மொட்டைப் புல்லாக, உருண்டை உருண்டையாக இருந்தன.

சரி, மூக்குத்திக்கு வருகிறேன்.

கேத்திக்குப் படமெடுக்க வருகிறவர்கள் ரயிலைத்தான் தேடுவார்கள். நீராவி எஞ்சின் குன்னூரோடு நின்றுவிடும், எங்கள் ஊர் வழியாகப் போவது டீசல் என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிடும். எங்கள் ஊரில் படம் இருப்பது நடுராத்திரியில். அறுத்த கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி, விடிவதற்குள் மண்டியில் இறக்க வேண்டும். இரண்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிக்கும். பெரிய உருளை சுற்றச் சுற்றச் செம்மண் தண்ணீர் கொட்டும், மறுபக்கம் கேரட் பளபளவென்று வந்து விழும். மேலே ஒரே ஒரு பல்பு. வீட்டுக்காரர் லோடுக்காகக் காத்திருக்கும்போது நானும் போனேன். குறைந்த வெளிச்சத்துக்காகக் கேமராவின் உணர்திறனை ஐஎஸ்ஓ 3200-க்கு ஏற்றி, கேமராவைச் சாக்கு மூட்டையின் மேல் அழுத்தி வைத்து எடுத்தேன். கேரட் பொறுக்கும் அக்கா குனிந்திருக்கிறார், இடப்பக்கம் பல்பு வெளிச்சம், வலப்பக்கம் முழு இருட்டு, வாயிலிருந்து வரும் ஆவி வெளிச்சத்தில் நிற்கிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிய படம் இதுதான். "அந்தப் பாதி இருட்டுதான் படமே" என்றார் ஃபேக்டரி அண்ணன். அவர் லேசில் அப்படிச் சொல்கிறவரில்லை.

அக்காவின் மூக்குத்தி வலப்பக்கம். மூன்று மாதம் ராத்திரி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் குன்னூரில் வாங்கியதாம். "போட்டோ புடிக்கறேன்னு நீ சொன்னதும்தான் தொடச்சிக்கிட்டு உக்காந்தேன்" என்றார். உண்மைதான். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததைப் பார்த்தேன். சளி என்று நினைத்துவிட்டேன்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாதி இருட்டை ஒன்பது பேரும் ரசித்தோம், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எடுத்தவர் பேசக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறோம், எடுக்கப்பட்டவருக்கு அங்கே நாற்காலியே இல்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தெர்மாகோல் எடுத்துக்கிட்டுப் போ" என்றார். வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிரே வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் பல்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி இருட்டுப் பக்கத்தில் லேசாக விழும். மருந்துக்கடைக்காரர் பெட்டி மூடி ஒன்று தந்தார். இந்த மாதம் பாக்கி இருந்தது 14 படம். வீட்டுக்காரர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "லோடு லேட்டாவுது" என்று ஒவ்வொரு படத்துக்கும் சொன்னார். ஒன்பது எடுத்தேன். டேப் ஒட்டியிருப்பதால் அங்கே எதையும் காட்ட முடியவில்லை. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "பாக்க முடியாத போட்டோ என்ன போட்டோ?" என்றார்.

நேற்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நாலில் கண் மூடியிருக்கிறது. ஒன்றில் வீட்டுக்காரரின் கட்டைவிரல். மற்றவற்றில் ஒன்று தேறும். கன்னத்தில் மங்கலாக வெளிச்சம், மூக்கில் கடுகளவு ஒரு புள்ளி மின்னுகிறது. ஆவி இல்லை, பழைய படத்தில் இருந்த அந்த அழுத்தமும் இல்லை. ஞாயிறு கூட்டத்தில் பழையதுதான் மேல் என்பார்கள், எனக்கே அப்படித்தான் படுகிறது. இரண்டையும் கொண்டுபோகப் போகிறேன்.

அக்காவுக்கு இன்று காலை பிரிண்ட் கொடுத்தேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "ஆங்" என்றார். மடியில் செருகிக்கொண்டு, "இது வந்தாச்சு. பொங்கலுக்குக் குடுத்த பிளவுஸ் எப்ப வரும்?" என்றார்.

துணி இன்னும் வெட்டவே இல்லை.