மின்கட்டண உயர்வுக்கு ஆட்சேபணை கொடுத்த அனுபவம்

மின்கட்டணத்தை உயர்த்தக் கேட்டு எங்கள் விநியோக நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு போட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள். அன்று இரவே உட்கார்ந்து, வீட்டுச் செலவையெல்லாம் சொல்லி இரண்டு பக்கம் எழுதினேன். தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் காட்டினேன். "கஷ்டத்தை எழுதினா படிச்சு வருத்தப்படுவாங்க. எந்தப் பக்கத்துல எந்தத் தொகை தப்புன்னு எழுதுங்க, பதில் சொல்லியே ஆகணும்" என்றார்.

சரி என்று மனுவை எடுத்துப் படித்தேன். யூனிட்டுக்கு எவ்வளவு என்பது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே, நிறுவனத்துக்கு ஓராண்டில் மொத்தம் எவ்வளவு வருவாய் தேவை என்பது முடிவாகிவிடுகிறது. மின்சாரம் வாங்கும் செலவு, சம்பளம், பராமரிப்பு, தேய்மானம், வரி, அப்புறம் முதலீட்டின் மீது அனுமதிக்கப்படும் வருமானம். இந்தக் கடைசி இனத்திலேயே எனக்கு இரண்டு வாரம் போனது. மற்றவை செலவான அளவுக்குத்தான் வசூலாகும். லாபம் வருவது சொத்து மதிப்பிலிருந்து. 8 சதவீதம் அனுமதித்தால், சொத்துக் கணக்கில் ஏறும் ஒவ்வொரு 100க்கும் ஆண்டுக்கு 8 நாம் கட்டுகிறோம். தேவைக்கு மேல் முதலீடு செய்ய இது தூண்டும் என்று அவர்ச், ஜான்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1962இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் சொத்துப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். இன்னும் கட்டி முடியாத துணைமின் நிலையம் ஒன்று அதில் இருந்தது!

இன்னொன்று நிலைக்கட்டணம், அதாவது எவ்வளவு மின்சாரம் பயன்படுத்தினாலும் மாறாமல் கட்ட வேண்டிய தொகை. அதை இருமடங்காக்கக் கேட்டிருந்தார்கள். கம்பி, மீட்டர், பில் போடும் செலவெல்லாம் பயன்பாட்டைப் பொறுத்து மாறாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு விளக்கு எரியும் வீடும் மூன்று ஏசி ஓடும் வீடும் ஒரே தொகையைக் கட்டினால், சிக்கனமாக இருப்பவரின் பில்தான் சதவீதத்தில் அதிகம் ஏறும்.

இரண்டையும் பக்க எண்ணோடு எழுதி ஆணையத்துக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். நிறுவனம் எழுத்தில் பதில் தந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பேசக் கிடைத்தது 5 நிமிடம். எனக்கு முன்னால் பலர் கோபமாகப் பேசினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் யாராவது பக்க எண் சொன்னபோதுதான் ஆணைய உறுப்பினர்கள் குறிப்பெடுத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து ஆணை வந்தது. துணைமின் நிலையம் இயங்கத் தொடங்கும்வரை சொத்துக் கணக்கில் சேரக் கூடாது என்றது. நிலைக்கட்டணம் கேட்டபடியே அனுமதிக்கப்பட்டது. என் வாதத்தை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பத்தியில் காரணம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்தியை எதிரில் வைத்துக்கொண்டு அடுத்த மனுவுக்கான ஆட்சேபணையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.