பிள்ளை தப்பாக எழுதியதை முதலில் படியுங்கள்

பள்ளிக்கு ஒரு டியூட்டர் மென்பொருள் வாங்கலாமா, தமிழுக்கு நாமே ஒன்று செய்யலாமா, இல்லை சாட்ஜிபிடியையே பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாமா என்று இங்கே மொரிஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். பகலில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் வேலை, மாலையில் கணினித் துறை நண்பர் ஒருவரோடு சேர்ந்து நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய தமிழ் டியூட்டர் செய்யும் வேலை என்று போய்க்கொண்டிருப்பதால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. எந்த டியூட்டரைக் காட்டினாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். பிள்ளை தப்பாக எழுதினால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று இதற்குத் தெரியுமா? இதை மூடிவைத்த பிறகு, காகிதமும் பென்சிலும் மட்டும் கையில் இருக்கும்போது பிள்ளையால் என்ன எழுத முடிகிறது? மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தத் தீவில் லெசோன் (டியூஷனுக்கு இங்கே சொல்லும் பெயர்) போகாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. பள்ளி முடிந்ததும் டியூஷன், சனிக்கிழமையும் டியூஷன். முன்பு ஆரம்பப் பள்ளி முடிவில் வரும் சிபிஇ தேர்வுக்காக ஓடினார்கள், 2017-இல் அதன் இடத்துக்குப் பிஎஸ்ஏசி என்ற தேர்வு வந்தது, ஓட்டம் நிற்கவில்லை. தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது. இதற்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரையை. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்பது அதில் வரும் கணக்கு. இரண்டு திட்ட விலக்கம் அளவு வித்தியாசம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவுதான் திட்ட விலக்கம்). கணினியால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனி ஆசிரியரைத் தர முடியும் என்று விற்பவர்கள் இன்றைக்கும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் தனியாகப் படித்தவர்கள் ஒரு பாடத்தை முழுதாகப் பிடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார்கள், தேறாவிட்டால் திரும்பப் படித்தார்கள், ஆக அதிலே தனி ஆசிரியர் மட்டும் வேலை செய்யவில்லை.

2011-இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனித ஆசிரியரால் கிடைக்கும் பலன் சராசரியாக 0.79 திட்ட விலக்கம் என்றுதான் வந்தது. இரண்டு இல்லை. அதே கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: இறுதி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்லும் மென்பொருளின் பலன் 0.31, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பதில் சொல்லும் மென்பொருளின் பலன் 0.76. மனிதருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது! அப்படியானால் நாம் எதைச் செய்யப் பாடுபட வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே இருக்கிறது.

தமிழுக்கு இந்தப் "படி" என்றால் என்ன? "நான் நேற்று கடைக்குப் போனேன்" என்று எழுத வேண்டிய இடத்தில் பிள்ளை "நான் நேற்று கடை போனான்" என்று எழுதுகிறது. விடையை மட்டும் பார்க்கும் மென்பொருள் சிவப்பு நிறத்தைக் காட்டி, சரியான வாக்கியத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். படியைப் பார்க்கும் மென்பொருள், நேற்று என்பதால் இறந்த காலம் வர வேண்டும் என்பதைப் பிள்ளை சரியாகவே பிடித்திருக்கிறது என்று முதலில் கண்டுகொள்ளும், அதைச் சொல்லவும் சொல்லும், அப்புறம் "போனது யார்?" என்று கேட்டு விகுதிக்குக் கொண்டுவரும், பிள்ளை அதைத் திருத்திய பிறகுதான் வேற்றுமை உருபைத் தொடும். மூன்று விஷயம் கலந்த ஒரு வாக்கியத்தில் ஒன்று சரி, இரண்டு தப்பு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒன்றை அறிவுள்ள டியூட்டர் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்படிப் பிரிக்க வேண்டுமென்றால் தப்புகளின் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வராது, ஏனென்றால் நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. கிரியோலில் மோ அலே, தோ அலே, லி அலே என்று யார் போனாலும் வினை மாறாது, அதனால் போனேன், போனாய், போனான் என்று மாற்ற வேண்டிய அவசியமே நம் பிள்ளைகளுக்கு உறைப்பதில்லை, ஏதோ ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே போடுகிறார்கள். குறில் நெடில் வைத்துப் பொருள் மாறும் பழக்கம் தமிழில் இருப்பதுபோலக் கிரியோலில் கிடையாது, எனவே பல்லும் பாலும், கல்லும் காலும் அவர்கள் காதுக்கு ஒன்றுபோலவே விழுகின்றன. நாக்கை மடித்துச் சொல்லும் ள, ண, ழ கதையைச் சொல்லவே வேண்டாம். ஆக "பால்" என்பதைப் "பல்" என்று எழுதிய பிள்ளைக்குக் கால் போட மறந்துவிட்டாய் என்று சொல்வதில் பயனில்லை. மறக்கவில்லை, அதற்கு அந்த வித்தியாசம் கேட்கவே இல்லை. முதலில் இரண்டையும் ஒலிக்கவிட்டு எது எது என்று காதால் பிரிக்கப் பழக்க வேண்டும், எழுத்து அதற்குப் பிறகு. தமிழ்நாட்டுப் பிள்ளையும் இதே எழுத்தை விட்டுவிடலாம், ஆனால் அது பெரும்பாலும் கை தவறியதாக இருக்கும். தப்பு ஒன்றுதான், வந்த வழி வேறு, மருந்தும் வேறு.

இந்த எண்ணம் புதியதில்லை. 1978-இல் பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பக்கி (BUGGY) என்ற தங்கள் கணினி நிரலைப் பற்றி எழுதினார்கள், அதில் கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தப்புகளை வகைப்படுத்தியிருந்தார்கள். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதுவதில்லை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது, அதற்கு அதுவே விதி. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கணக்கில் பிள்ளை என்ன விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முந்தைய வேலை இது, இன்றைக்குக் கடையில் விற்கிற பல மென்பொருள்களிடம் இந்த அளவு பொறுமை இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தமிழுக்கு என்று சில தனிச் சிக்கல்கள் உண்டு, செய்ய நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "கொ" என்பதைச் சேமிக்க இரண்டு வழி இருக்கிறது: ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் சரியாக எழுதிய பிள்ளைக்குத் தப்பு என்று காட்டிவிடும், பத்து வயதுப் பிள்ளை அதை நம்பியும் விடும். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில் தட்டப்படுவதும் இப்படித்தான். அதைவிடப் பெரிய தொல்லை கைபேசி விசைப்பலகை. இரண்டு எழுத்துத் தட்டினால் முழுச் சொல்லையும் அதுவே பரிந்துரைத்துவிடுகிறது, அப்புறம் அங்கே எழுதியது பிள்ளையா விசைப்பலகையா? பரிந்துரை இல்லாத சொந்த விசைப்பலகை ஒன்றை மென்பொருளுக்குள்ளேயே வைப்பது அலங்காரம் இல்லை, அளவிடுவதற்கு அதுதான் அடிப்படை.

ஏன் அடிப்படை என்றால், பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை டியூட்டர் ஊகித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கார்பெட், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1990களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கொடுத்தார்கள், இன்றும் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு திறனுக்கும் நான்கு எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு பயிற்சியிலும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் தவறிவிடும் வாய்ப்பு. இவற்றை வைத்துப் போடும் கணக்கில் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு 0.95-ஐத் தாண்டினால் அந்தத் திறன் கைவந்தது என்று வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். ல, ள, ழ மூன்றில் ஒன்றைத் தொடு என்று கேள்வி வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், ஆகவே அப்படிப்பட்ட கேள்வியில் கிடைக்கும் ஒரு சரியை நிரல் லேசாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத வைத்துக் கேட்டால் ஊகிக்க இடம் குறைவு, ஆனால் விரல் தவறும் வாய்ப்பு கூடும். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதிலேயே அந்த ஊகத்தின் தரம் அடங்கிவிடுகிறது.

பிள்ளை திணறும்போது மென்பொருள் காட்டும் குறிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நான்கு குறிப்பு வரிசையாக வைத்து, கடைசிக் குறிப்பில் விடையையே கொடுத்தால், பிள்ளைகள் நடுவில் இருப்பதைப் படிக்காமல் தட்டித் தட்டிக் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். ரயன் பேக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2004-இல் இதைக் கவனமாக ஆராய்ந்தார்கள், மென்பொருளை இப்படி ஏமாற்றி முன்னேறும் மாணவர்கள் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள் என்று கண்டார்கள். அறிக்கையில் மட்டும் அந்தப் பிள்ளை நூறு பயிற்சி முடித்ததாக அழகாக வரும்.

இங்கேதான் மதிப்பிடும் விஷயம் வருகிறது, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். பள்ளிகளுக்குக் காட்டப்படும் எண்கள் எத்தனை நிமிடம் பயன்படுத்தினார்கள், எத்தனை கேள்வி முடித்தார்கள், எத்தனை சரி என்பவையே. இவை எல்லாம் மென்பொருளுக்கு உள்ளே நடப்பவை. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் நடந்த கணித ஆய்வு ஒன்று இருக்கிறது, தயவுசெய்து ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்றைக் கையில் கொடுத்தபோது பயிற்சி நேரத்து மதிப்பெண் 48 சதவீதம் உயர்ந்தது. பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஆரம்பத்திலிருந்தே அது கிடைக்காத மாணவர்களைவிட இவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் தந்த குறிப்புகளை வைத்து வழிகாட்டும்படி கட்டுப்படுத்திய இன்னொரு வடிவத்தில் பயிற்சி மதிப்பெண் 127 சதவீதம் கூடியது, தேர்வில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் எதுவும் இல்லாமல் படித்தவர்களைவிட உயர்வும் இல்லை. பயிற்சி மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டையுமே பெரிய வெற்றி என்று அறிவித்திருப்பார்கள்.

உடனே பலன் தெரியாவிட்டால் தூக்கிப் போடுவதும் சரியில்லை. அமெரிக்காவில் ஏழு மாநிலங்களில் 147 பள்ளிகளில் அல்ஜீப்ரா டியூட்டர் ஒன்றைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2014-இல் முடிவு வெளிவந்தது. முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் உயர்நிலைப் பள்ளிகளில், நூறு பேரில் 50 பேரைத் தாண்டி நடுவில் நிற்கும் மாணவர் 58 பேரைத் தாண்டும் அளவு பலன் வந்தது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வில் நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் கிடைத்தது, மிக நல்ல எண், ஆனால் அந்த மையங்களில் கணினியோடு சிறு குழுவாக உட்கார வைத்து ஆசிரியர்களும் சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பலன்.

நம் ஊரில் இப்படி அளப்பது இன்னும் கடினம். யார் யார் விரும்புகிறீர்களோ பயன்படுத்துங்கள் என்று விட்டால் ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகள்தான் வருவார்கள், அவர்கள் எது இல்லாமலும் முன்னேறுவார்கள். குலுக்கிப் பிரித்தாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், சித்தி பெரியம்மா பிள்ளைகள், ஆளுக்கொரு குழுவில் விழுந்து மாலையில் ஒரே கைபேசியைச் சுற்றி உட்காருவார்கள். லெசோன் வேறு குறுக்கே வரும்: மதிப்பெண் ஏறினால் டியூட்டராலா, சனிக்கிழமை டியூஷனாலா? எனவே ஒவ்வொரு பிள்ளையும் எங்கே, எவ்வளவு நேரம் லெசோன் போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே குழுவில் போட வேண்டும்.

அடுத்த பருவத்தில் நாங்கள் செய்யப்போவது சிறிய அளவில்தான். முதல் பாதியில் ஒரு குழுவுக்கு டியூட்டர், மற்றக் குழுவுக்கு அதே பாடம் பயிற்சித் தாளில், பிறகு மாற்றிக்கொள்வார்கள், அதனால் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காமல் போகாது. தொடங்கும் முன் ஒரு தேர்வு, முதல் பாதி முடிந்து மாறுவதற்கு முன் ஒன்று, கடைசியில் ஒன்று, விடுமுறை கழிந்து இன்னொன்று, எல்லாம் காகிதத்தில். டியூட்டரில் வராத சொற்களையும் கேட்போம், படத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதச் சொல்வோம். விடைத்தாளில் பெயரும் குழுவும் இருக்காது, திருத்துபவருக்கு யார் எதில் படித்தார்கள் என்று தெரியக் கூடாது. அதற்கு எங்கள் பள்ளியைச் சேராத தமிழ் ஆசிரியர்கள் சிலர் வேண்டும். உங்களிடம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பழைய நோட்டுகள் இருந்தால் அவையும் வேண்டும், பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், சிவப்புப் பேனா படாத பக்கங்களாக இருந்தால் இன்னும் நல்லது.