கொறஞ்சுட்டுல்லா?

மானூர்ப் பக்கம் மூடிக்கொண்டிருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மழையையும் நீர்மட்டத்தையும் எழுதி வைப்பதுதான் என் சோலி. கல் எடுப்பது நின்று போய், லாரியும் போய், இப்போது குழியும் வாட்ச்மேனும் நானும்தான் மிச்சம்.

காலை 8:30க்கு மழைமானியைப் பார்க்க வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நாடு முழுக்க அந்த நேரம்தான். ஆனி, ஆடியில் தென்காசியில் சாரல் அடிக்கும்போது எங்களுக்கு வெறும் காற்றும் புழுதியும்தான் வரும், நோட்டில் வரிசையாக சைபர் விழும். ஐப்பசி பிறந்தால்தான் எழுத ஏதாவது இருக்கும். ஒரு தடவை ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தும் காலையில் குவளையில் 4 மில்லிமீட்டர்தான் இருந்தது. புனல் வாயில் ஒரு வேப்பிலை அடைத்துக் கிடந்தது! அந்த நாளுக்கு எதை எழுதுவது என்று அரை மணி நேரம் நின்று யோசித்தேன். கடைசியில் 4 என்று எழுதி, பக்கத்தில் இலையையும் எழுதி வைத்தேன்.

ஒரு மில்லிமீட்டர் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டரில் அது ஒரு லிட்டர். நாலு ஹெக்டேர் குழியில் 50 மில்லிமீட்டர் நேராக விழுந்தாலே 20 லட்சம் லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அன்று எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் குழியை எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மழையாவது பரவாயில்லை, நீர்மட்டம்தான் தகராறு. குழியோரத்து போர்வெல்லில் டேப்பை இறக்கினால், நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் அடிக்கும். தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே என்பதுதான் கணக்கு. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி மாதாமாதம் வந்து நிற்பார்.

“எவ்வளவுவே?”

“12.4, அண்ணாச்சி.”

“போன மாசம் பதிமூணுன்னு சொன்னீரு. கொறஞ்சுட்டுல்லா?”

குறைந்தால் ஏறியிருக்கிறது என்று அர்த்தம் என்பதை அவருக்கு மூன்று மாதம் விளக்கினேன். “அப்பம் உம்ம கணக்கு தலைகீழா இருக்கு” என்றார். அவர் கிணற்றில் எத்தனை கல்படி முங்கியிருக்கிறது என்று எண்ணுவார், தண்ணீர் ஏறினால் எண்ணும் ஏறும். யோசித்துப் பார்த்தால் அதுதான் ஒழுங்கான கணக்கு.

குவாரி ஓடியபோது ஊற்றை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கல் எடுக்க முடியும். இறைக்க இறைக்க, சுற்றியுள்ள நிலத்தடி நீரெல்லாம் குழியைப் பார்த்துச் சரியும். அண்ணாச்சி கிணறு வற்றியது அப்படித்தான். மோட்டாரை நிறுத்தியதும் குழியும் நிரம்புகிறது, கிணறும் மெதுவாக ஏறுகிறது. தண்ணீரும் மோசமில்லை, கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். சில நிலக்கரிச் சுரங்கங்களில் பாறையிலிருக்கும் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, தண்ணீரையே கெடுத்துவிடும். அந்தத் தலைவலி எங்களுக்கு இல்லை.

ஆனால் இறைத்த தண்ணீர் இத்தனை வருஷமும் ஓடை வழியாகக் கீழே ஒரு சின்னக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நம்பி கோடையிலும் பயிர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது பங்குனியிலேயே குளத்தில் வெடிப்பு தெரிகிறது. அதில் ஒருவர் அண்ணாச்சியின் மச்சினர். “மோட்டாரை ஒரு மாசம் போடச் சொல்லுங்க தம்பி” என்று என்னிடம் கேட்கிறார், போட்டால் அண்ணாச்சி கிணறு இறங்கும். ரெண்டு பேரும் ஒரே விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள் பாருங்கள், பாயசம் இறங்கவில்லை.

போன தையிலிருந்து என் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: ‘அண்ணாச்சி படி’. இந்த மாதம் 11. ஆபீசில் இன்னும் யாரும் அது என்னவென்று கேட்கவில்லை.