கானோபிக் ஜாடி: மூடியை மட்டும் நம்பாதீர்கள்

பண்டைய எகிப்தில் மம்மியாக்கும்போது எடுத்த உள்ளுறுப்புகளை வைத்த கானோபிக் ஜாடிகளைப் பார்த்தால் கண் முதலில் மூடிக்குத்தான் போகும். நான்கு ஜாடிகள், மூடிகளில் நான்கு காவல் தெய்வங்களின் தலைகள். மனிதத் தலை இம்செட்டி, கல்லீரலுக்குக் காவல். குரங்குத் தலை ஹாப்பி, நுரையீரலுக்கு. நரித் தலை துவாமுதெஃப், இரைப்பைக்கு. வல்லூறுத் தலை கெபெசெனுவெஃப், குடலுக்கு. ஆனால் மூடி தனித் துண்டு, எளிதில் இடம் மாறிவிடும். ஜாடியின் வயிற்றில் செதுக்கியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். காக்கும் தெய்வத்தின் பெயரும் இறந்தவரின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இறந்தவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்; பண்டைய எகிப்தியர்கள் விரும்பியதே அதுதான்.

நான்குமே மனிதத் தலையா? போலி என்று ஒதுக்காதீர்கள். எகிப்திய அரசர் துட்டன்காமுன் காலத்திலும் அப்படித்தான்.

மம்மியாக்கும்போது இடது பக்க வயிற்றைக் கீறி உறுப்புகளை எடுத்து, நேட்ரான் உப்பில் உலர்த்தி, பிசின் பூசி, லினன் துணியில் சுற்றுவார்கள். ஈரம் மிஞ்சினால் அழுகும். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவிடுவார்கள். மறுமைத் தீர்ப்பில் தராசில் ஏறுவது அதுதான்.

பின்னாளில், எகிப்திய அரசர்களின் 21-ஆம் வம்சத்தில் உறுப்புப் பொதிகளை உடலுக்குள்ளேயே திருப்பி வைத்தார்கள். ஆனாலும் ஜாடியைக் கைவிட மனம் வரவில்லை. உள்ளே குடையாத வெறும் கல்லாகவே சில ஜாடிகளைச் செய்து வைத்தார்கள்.