“விட்டுட்டீங்களாமே?” – தீர்ப்பில்லாமல் கலைந்த ஜூரியிலிருந்து

பெற்றவரைக் கொன்றதாக ஒருவர் மீது நடந்த வழக்கில் நான் ஜூரர், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் ஒருவர். முடிவுக்கு வராமலே எங்கள் ஜூரி கலைந்தது. கோர்ட்டிலிருந்து வெளியே வந்த அன்று மாலையே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டில், ஆபீஸில், ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப்பில் எல்லாம் ஒரே கேள்வி: “பெத்தவரையே கொன்னவனை விட்டுட்டீங்களாமே?”

யாரையும் விடவில்லை. கலிஃபோர்னியாவில் கிரிமினல் வழக்கில் 12 ஜூரர்களும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். 11-1 என்றாலும் தீர்ப்பு கிடையாது. நீதிபதி மிஸ்ட்ரயல் (விசாரணை தீர்ப்பில்லாமல் முடிந்தது என்று) அறிவிப்பார், அவ்வளவுதான். அது விடுதலை அல்ல. காவலில் இருந்தவர் காவலுக்கே திரும்புகிறார். அரசுத் தரப்பு மறுபடி வழக்கை நடத்தலாம், குற்றம் சாட்டப்பட்டவர் அவகாசத்துக்குச் சம்மதிக்காவிட்டால் பொதுவாக 60 நாளுக்குள் மறு விசாரணை தொடங்க வேண்டும். நாங்கள் கேட்ட வழக்குக்கு அது இன்னும் நடக்கவில்லை என்பதால் பெயரையும் கவுன்ட்டியையும் எழுதப்போவதில்லை. சம்மன் வந்த யாருக்காவது பயன்படட்டும் என்று எங்களுக்கு எங்கெங்கே இடித்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் மெனண்டெஸ் சகோதரர்கள். 1989 ஆகஸ்ட் 20-ல் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் அப்பா ஹோசேயையும் அம்மா கிட்டியையும் சுட்டுக் கொன்றவர்கள் லைலும் எரிக்கும். சுட்டது தாங்கள்தான் என்று விசாரணையில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1993-ல் வான் நைஸ் கோர்ட்டில் நீதிபதி வைஸ்பெர்க் முன் ஆளுக்கொரு ஜூரி வைத்து நடந்த வழக்கு அது. டிவியில் நேரலையாகப் போனது. 1994 ஜனவரியில் இரண்டு ஜூரியும் முடிவுக்கு வராமல் கலைந்தன. “பணக்காரப் பிள்ளைகள் அழுது தப்பித்துவிட்டார்கள்” என்று கொதித்தவர்கள் ஏராளம். ஆனால் எரிக்கின் ஜூரியில் ஆண்கள் கொலை என்றார்கள், பெண்கள் மேன்ஸ்லாட்டர் (கொலையைவிடச் சின்னக் குற்றம்) என்றார்கள். உயிருக்கு ஆபத்து என்று உண்மையாகவே நம்பி, ஆனால் அந்த நம்பிக்கைக்கு நியாயமான ஆதாரம் இல்லாமல் கொன்றால் அங்கே அது மேன்ஸ்லாட்டர். அதற்கும் ஜெயில்தான். சண்டை எந்தக் குற்றம் என்பதில்தான். மறு விசாரணையில் ஒரே ஜூரி, கேமரா கிடையாது, அந்த ‘உண்மையான பயம்’ வாதத்தை ஜூரி முன் வைக்க நீதிபதி அனுமதிக்கவில்லை. 1996 மார்ச் 20-ல் இருவரும் முதல் நிலைக் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, அதே ஆண்டு பரோல் இல்லாத ஆயுள் தண்டனை (2025-ல்தான் அது பரோல் கேட்க இடம் தரும் தண்டனையாகக் குறைந்தது). கலைந்த ஜூரியைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இதை முழுசாகத் தெரிந்துகொண்டார்கள் என்று தெரியவில்லை. எங்கள் அறையிலும் இதே மாதிரிதான். குற்றமே இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சம்மன், கேள்வித்தாள், ஜூரர் தேர்வு, சாட்சியம் கேட்ட வாரங்கள் எல்லாம் ஒழுங்காகவே போயின. சிக்கல் ஆரம்பித்தது கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்த பிறகு.

முதல் அடி, சாட்சியத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னதில். சந்தேகம் வந்தால் சுருக்கெழுத்தாளர் வந்து சாட்சியத்தை வாசித்துக் காட்டுவார். அதற்கு ஒரு சீட்டு எழுதி, ஜூரித் தலைவர் கையெழுத்தும் தேதியும் போட்டு பெய்லிஃபிடம் (கோர்ட் காவலரிடம்) தர வேண்டும். நாங்கள் “டாக்டர் சொன்ன சாட்சியம்” என்று எழுதிக் கொடுத்தோம். வழக்கில் டாக்டர்கள் இரண்டு பேர். வக்கீல்களை எல்லாம் கூப்பிட்டு, எந்த டாக்டர், எந்தப் பகுதி என்று கேட்டுச் சீட்டு திரும்பி வர அரை நாள் போயிற்று. சாட்சியின் பெயர், முதல் விசாரணையா குறுக்கு விசாரணையா, எதைப் பற்றிய கேள்வி என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வாசித்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது அடி இதைவிட மோசம். பேச்சு சூடாகியிருந்த நாளில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், மாற்று ஜூரர் உள்ளே வந்தார். அப்படி ஒருவர் வந்தால் அதுவரை பேசியதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து பேச வேண்டும் என்பது நீதிபதியின் உத்தரவு. பெயரளவுக்கு இல்லை, உண்மையிலேயே. புதிதாக வந்தவரிடம் “இதை நாங்க பேசி முடிச்சாச்சு” என்று யாரும் சொல்லக் கூடாது. எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். அன்று அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக, ஒவ்வொரு சாட்சியாகப் பேச வைத்த பிறகுதான் அறை சரியானது.

மூன்றாவது, முடிவுக்கு வர முடியவில்லை என்று எழுதிய சீட்டு. நீதிபதி கேட்காமல் ஓட்டுக் கணக்கை எழுதவே கூடாது. அச்சடித்துக் கொடுத்த அறிவுரையில் தெளிவாக இருக்கிறது. அவசரத்தில் எங்கள் சீட்டில் எத்தனை பேர் கொலை என்கிறார்கள் என்பதுவரை எழுதிவிட்டோம். கோர்ட் ஹாலில் எங்களை நிற்க வைத்து நீதிபதி அதைச் சொன்னபோது தலைவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “12 பேரும் ஒத்துப்போக முடியவில்லை” என்ற ஒரு வரி போதும். நீதிபதி கேட்டால் தலைவர் வெறும் எண்ணைச் சொல்லலாம், எந்தப் பக்கம் எத்தனை என்று சொல்லக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் “இன்னும் பேசினால் பயன் இருக்குமா?” என்று கேட்பார். இருக்கிறது என்று தோன்றினால் திரும்ப உள்ளே அனுப்புவார். சிறுபான்மையில் இருப்பவர் மற்றவர்களுக்காக மனசை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கலிஃபோர்னியா நீதிபதிகள் நெருக்கக் கூடாது. அறைக்குள் யாராவது அப்படி நெருக்கினால் அறிவுரைத் தாளை எடுத்துப் படித்துக் காட்டுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய குற்றம் இல்லை என்பதில் 12 பேரும் ஒத்துப்போய், சின்னக் குற்றத்தில் மட்டும் பிரிந்தால், பெரிய குற்றத்துக்கான ‘குற்றவாளி அல்ல’ ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கலைவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராமல் போகலாம். அர்கன்சாஸில் ப்ளூஃபோர்ட் என்பவர் மீது, அவருடைய காதலியின் ஒரு வயதுக் குழந்தையைக் கொன்றதாக வழக்கு. பெரிய கொலைக் குற்றங்கள் இரண்டும் இல்லை என்பதில் எல்லோரும் ஒன்று என்று ஜூரித் தலைவி கோர்ட்டிலேயே சொன்னார். ஃபாரமாக எதுவும் வரவில்லை, ஜூரி கலைந்தது. எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மறுபடி விசாரிக்கலாம் என்று 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று சொல்லிவிட்டது. ஒரு மனிதனின் தலைவிதி ஒரு தாளில் தொங்குகிறது. ஃபாரங்களை முதல் நாளே மேஜையில் பரப்பி, எது எதற்கு என்று 12 பேரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலைந்த பிறகு, பேசுவதும் பேசாமலிருப்பதும் முழுக்க உங்கள் உரிமை. எங்களில் நான்கு பேர் தாழ்வாரத்தில் வக்கீல்களிடம் பேசினார்கள், மற்றவர்கள் நேராக பார்க்கிங்குக்குப் போனோம். இரண்டும் சரிதான். 24 மணி நேரம் கடந்து வக்கீல் தரப்பிலிருந்து யாராவது வந்தால், எந்த வழக்கு, எந்தத் தரப்பு, எதைப் பற்றி என்று முதலில் அவர்கள் சொல்ல வேண்டும், பேச மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுங்கள். தொல்லை தொடர்ந்தால் அந்த நீதிபதிக்கே தெரிவிக்கலாம். டிவிக்காரர்கள் பணம் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், கலைந்து 90 நாள் ஆகும்வரை அது சட்டப்படி தவறு.

கடைசியாக, என்னை இன்னும் எரிச்சலூட்டும் விஷயம். வருகைச் சான்று. முதலாளி உங்களை வேலையை விட்டு எடுக்க முடியாது, ஆனால் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. என் கம்பெனி தருகிறது, ஒவ்வொரு நாளுக்கும் சான்று காட்டினால். மிஸ்ட்ரயல் அறிவித்த பரபரப்பில் யாரும் சான்றைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் போனால் கவுன்ட்டரில் இருந்தவர், “தீர்ப்பு இல்லாததால் உங்கள் வழக்கு இன்னும் முடிந்ததாகக் காட்டவில்லை, பிறகு வாருங்கள்” என்றார். ஒரு வாரம் கழித்துப் போனால் வேறொருவர், பேட்ஜ் எண் கேட்டார். பேட்ஜை அன்றே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். சம்மன் தாளின் மூலையில் அந்த எண் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது தடவை, தாளை நீட்டிய இரண்டு நிமிடத்தில் சான்று கைக்கு வந்தது. சம்மனைத் தூக்கிப் போடாதீர்கள், போட்டோவாவது எடுத்து வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு 15 டாலர் வீதம் வரும் செக் தபாலில்தான் வருகிறது, விலாசத்தையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.