கதவு ஸ்பீக்கருக்கும் டிக்கி வூஃபருக்கும் நடுவே 80 ஹெர்ட்ஸ்

காரில் ஸ்பீக்கர், ஆம்ப், டிக்கியில் 10 அங்குல சப்வூஃபர் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வயரிங் முடித்துக் கொடுத்த அண்ணன், "கிராஸ்ஓவர் எல்லாத்தையும் ஆஃப்ல விட்டிருக்கேன் சார், உங்க காதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்குங்க" என்றார். எந்த அதிர்வெண் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் வடிகட்டிதான் கிராஸ்ஓவர். இந்த மாதம் முழுக்க அதைச் சரிசெய்யும் வேலைதான். அல்சூரில் எங்கள் தெரு அடங்க இரவு வெகுநேரமாகும். அதற்கு அப்புறம்தான் காரில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க முடிகிறது.

முதலில் முன்கதவுகளில் இருக்கும் 6.5 அங்குல ஸ்பீக்கர்கள். சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போது கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. ஆடுவது 40 ஹெர்ட்ஸில் 4 மி.மீ. ஆகிவிடும். சின்ன கோன் அப்படித் தத்தளிக்கும்போது, அதே கோனிலிருந்து வரும் பாடகரின் குரலும் கலங்குகிறது. ஹை பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டு மேலே உள்ளதை மட்டும் விடும் வடிகட்டியை, 80இல் வைத்ததும் எஸ்.பி.பி. குரல் பளிச்சென்று பிரிந்து வந்தது. கதவு பேனலின் கடகடப்பும் பெரும்பாலும் நின்றுவிட்டது. காசே செலவில்லாத இந்த ஒரு மாற்றம், ஸ்பீக்கரை மாற்றுவதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

ஆம்பில் குமிழைச் சுற்றி அச்சடித்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். நான் மல்டிமீட்டரை வைத்துத்தான் முடிவு செய்தேன். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பென்டிரைவில் பதிந்த 400 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஆம்ப் முனையில் ஏசி வோல்ட் 10 வருமாறு சத்தத்தை நிறுத்திக்கொண்டேன். அப்புறம் அதே அளவில் 80 ஹெர்ட்ஸ் டோன். மீட்டர் 7 வோல்ட் அருகே காட்டும்வரை குமிழைத் திருப்பினால் வெட்டும் இடம் சரியாக 80. அதாவது 3 டெசிபல் இறக்கம். லிங்க்விட்ஸ்-ரைலி வகை வடிகட்டியாக இருந்தால் 6 டெசிபல் இறங்கும், அதனால் 5 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். ட்வீட்டர் என்கிற, உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் வரும் பேசிவ் பெட்டியை (தனி மின்சாரம் தேவைப்படாத கிராஸ்ஓவர்) மட்டும் இப்படி அளக்க முடியாது. ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை) சேர்ந்தால்தான் அது வெட்டும் இடமே அமையும்.

அடுத்து சப்வூஃபரின் லோ பாஸ், அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி. அதிக நேரம் பிடித்தது இங்கேதான். 120இல் வைத்தால் ஆண் குரலின் அடிப்பகுதி பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து வருகிறது. 50க்கு இறக்கினால் தவில் மெலிந்துவிடுகிறது. சோதிக்க நல்ல கருவி பேஸ் கிட்டார். அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பு) மேலே 82. ஆகவே இளையராஜா பாடல்களில் பேஸ் கீழிருந்து மேலே ஏறும்போது சரியாக நம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகிறது. டிக்கியில் தொடங்கி திடீரென்று கதவுக்குத் தாவினால் அமைப்பு இன்னும் சரியில்லை. 75 வாக்கில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் (வெட்டும் இடத்தைத் தாண்டி ஒலி குறையும் வேகம்) வைத்தபோது அந்தத் தாவல் மறைந்தது.

ஆனாலும் அடியில் ஏதோ வற்றிப்போன மாதிரி இருந்தது. கதவுப் பக்கம் சரிவு 12 டெசிபல், சப் பக்கம் 24. இரண்டும் ஒலி அலையின் கட்டத்தை (ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் தருணம்) வெவ்வேறு அளவு திருப்புகின்றன. போதாததற்கு சப்பும் தூரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டு உட்காராமல், 80 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டிவிட்டு சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிப் பார்த்தேன். ஓட்டுநர் சீட்டில் எது அதிகச் சத்தமோ அதுதான் சரி. மாற்றியதும் பேஸ் நிறைந்து, டேஷ்போர்டுக்கு நகர்ந்து வந்தது போல இருந்தது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது!

ட்வீட்டர்கள் கண்ணாடித் தூணில் காதுக்குப் பக்கத்தில் இருப்பதால், பேசிவ் பெட்டியில் மைனஸ் 3 டெசிபல் சுவிட்சைப் போட்டேன். அங்கே வேறு வேலை இல்லை.

இனி டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகப் பிரித்துச் சீராக்கும் கருவி) வைத்து ட்வீட்டருக்கும் தனி ஆம்ப் சேனல் கொடுக்கப்போகிறேன். அப்போது பேசிவ் பெட்டி போய்விடும். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் 'டப்' நேரே ட்வீட்டரைத் தாக்கலாம். அதைத் தடுக்க 47 மைக்ரோஃபாரட் போலாரிட்டி இல்லாத கெபாசிட்டர் இரண்டு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவிட்டேன். 4 ஓம் ட்வீட்டருக்கு அது 850 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டும். டி.எஸ்.பி.யில் 3500இல் வெட்டப்போவதால் பாட்டில் அது பெரிதாகத் தலையிடாது.