முதலில் சூடு, அப்புறம்தான் பால்

எங்கள் குடியிருப்பில் யாராவது மோட்டார் ரூமிலோ படிக்கட்டுக்கு அடியிலோ பூனைக்குட்டிகளைப் பார்த்துவிட்டால் எனக்குத்தான் போன் வரும். "அக்கா, நாலு குட்டி கெடக்கு, அம்மாவைக் காணோம், தூக்கிட்டு வரட்டுமா?" தொடாதீங்க, தள்ளி நின்னு பாருங்க என்பேன். பூனை ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிகள் சொல்வதில் ஏழு என்ற கணக்கு எப்படியோ, விஷயம் உண்மைதான். இடம் பத்திரமில்லை என்று பட்டால் தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போகும். நாம் பார்க்கிற நேரத்தில் இரண்டு அங்கே, இரண்டு இங்கே என்று பாதி வேலையில் இருக்கலாம், இல்லை சாப்பாடு தேடிப் போயிருக்கலாம். குட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளி கோலப்பொடியைத் தூவிவிட்டுச் சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், தாய் வந்து போயிருந்தால் கால்தடம் இருக்கும். (கல்மாவுப் பொடியாக இருக்கட்டும். அரிசி மாவு என்றால் எறும்பு வந்துவிடும், குட்டிகளுக்கு எறும்பு பெரிய ஆபத்து.) குட்டிகள் சுத்தமாக, வயிறு நிரம்பி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தால் தாய் இருக்கிறது, விட்டுவிடுங்கள். விடாமல் கத்துகிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்றால் அப்போது தூக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன பால் கொடுக்கணும்?" என்றுதான். பால் இருக்கட்டும், முதலில் குட்டியைச் சூடாக்க வேண்டும். முதல் மூன்று வாரத்துக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் உள்ளே போனால் செரிக்காது, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் நன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைப்பேன், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும் என்று. "மே மாச வெயில்ல இதுக்கு எதுக்குடி ஒத்தடம்?" என்று அம்மா கேட்பாள். ஃபேனுக்குக் கீழே மொசைக் தரையில் அரைமணி நேரம் கிடந்த குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பசும்பால் வேண்டாம், பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்தும் வேண்டாம். அதில் உள்ள லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும், ஆழாக்கு அரிசியின் எடைகூட இல்லாத உடம்பில் பேதி என்றால் ஒரே நாளில் நீர் வற்றிப்போகும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கடிக்கும்தான், ஆனால் வேறு வழியில்லை. முதல் வாரத்தில் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டுவார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் எப்படிக் குப்புறப் படுத்துக் குடிக்குமோ அப்படியே படுக்கட்டும், சிரிஞ்சை அவசரமில்லாமல் சொட்டுச் சொட்டாக அழுத்துங்கள். குடித்தபிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். சிறுநீரும் மலமும் தானாக வராது, தாய் நக்கித்தான் வரவைக்கும். அந்த வேலையும் மூன்று வாரம் வரை நமக்குத்தான்.

குட்டி வளர்க்க வாங்கியதிலேயே எனக்கு உபயோகமான சாமான் கிச்சன் தராசு. பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். காலையில் பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதிவிடுவேன். குட்டி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், கத்தும், குடிக்கும், ஆனால் எடை ஏறாமல் நின்றிருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போனால் பிழைக்க வாய்ப்பு உண்டு, சோர்ந்து விழுந்தபிறகு போனால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அப்படியும் சில குட்டிகள் போய்விடும். எல்லாம் சரியாகச் செய்தும் போகும்.

7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும், முதலில் எல்லாக் குட்டிக்கும் நீலக் கண்தான், அதை வைத்துப் பாரசீகப் பூனை என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். நாலு வாரமானால் கூழான சாப்பாட்டைத் தட்டில் இறங்கி நின்று சாப்பிடும், கழிப்பதற்கு மண் நிரப்பிய தட்டு வைத்தால் யாரும் சொல்லித்தராமலே தோண்டும். ஈரம் பட்டால் கட்டியாகிற லிட்டரை (பூனை கழிப்பதற்கென்று கடையில் விற்கிற மண்) இந்த வயதில் வைக்காதீர்கள், தின்று வைக்கும்.

வீட்டைத் துடைக்கிற ஃபினாயிலை முதலில் ஒளித்துவையுங்கள். ஃபீனால் வகைச் சமாசாரங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷம். நாய்க்கு வாங்கின தெள்ளுப்பூச்சி மருந்தும் கூடாது, அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு எமன். அதேபோல, புதுக் குட்டிகளை வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்க்காதீர்கள். பன்லூகோபீனியா என்கிற பார்வோ வைரஸ் காய்ச்சல் ஒரு குட்டிக்கு வந்தால் ஒரு பெட்டியையே காலிசெய்துவிடும், அந்த வைரஸ் வீட்டில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். தடுப்பூசி ஆரம்பிப்பதே 6 முதல் 8 வாரத்தில்தான், அதுவரை தனி அறை, தனித் துணி, கை கழுவல்.

இவ்வளவும் தாண்டி இரண்டு மாதமாகி, ஆளுக்கொரு திரைச்சீலையில் ஏறித் தொங்குகிற பருவத்தில்தான் எனக்கு எரிச்சல் தொடங்கும், குட்டிகள்மேல் இல்லை, கேட்டு வருகிறவர்கள்மேல். "ஆண் குட்டி இருக்கா?" பெட்டை என்றால் குட்டி போட்டுத் தள்ளுமாம். நாலைந்து மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தக் கதையே இல்லை, செய்யாத கடுவன்தான் சோஃபாவெல்லாம் மூத்திரம் பீய்ச்சும் என்று சொன்னால் யோசிக்கிறேன் என்று போனவர் திரும்ப வருவதில்லை. கருப்பாக இருந்தால் இன்னும் மோசம். குறுக்கே போனால் ஆகாதாம். வீட்டுக்குள்ளேயே வளர்கிற பூனை நாளைக்கு நூறு தடவை குறுக்கே போகும், எதற்கென்று சகுனம் பார்ப்பது?

பால்கனிக்கு வலை அடித்தாயிற்றா என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் குட்டி கிடையாது.

குட்டிகளை எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிட்டாலும் வேலை முடிந்ததாகாது. பால் கொடுக்கிற காலத்திலேயே மறுபடி சினையாகும், ஏறக்குறைய 2 மாதத்தில் அடுத்த ஈத்து அதே மோட்டார் ரூமில். அதனால் தாயைப் பிடிக்கக் கூண்டில் நெத்திலிக் கருவாட்டை வைத்துவிட்டு வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு ராத்திரியாக எதிர்வீட்டுக் கடுவன் மட்டும் வந்து தின்றுவிட்டு உள்ளேயே படுத்திருக்கிறான். அவனுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.